எடைக்காரி

என் அண்ணிக்கு எடைக்காரி என்று பெயர் வைத்தது என் அண்ணன். கல்யாணமான முதல் மாதத்திலேயே வைத்துவிட்டான். அண்ணி எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரு நொடி தூக்கிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடி, கனம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். கேஸ் சிலிண்டரை அசைத்துவிட்டு "இன்னும் நாலு நாள் வரும்" என்பார். நாலாம் நாள் மதியம் அடுப்பு அணையும். அண்ணனுடைய பையைத் தூக்கிப் பார்த்தே குடையை மறந்துவிட்டான் என்று கண்டுபிடிப்பார். "இவகிட்ட பொய் சொல்ல முடியாதுப்பா, நம்மளையே தூக்கிப் பாத்துடுவா" என்று அண்ணன் கேலி செய்வான்.

அந்த அண்ணியிடம்தான் நான் பொய் சொன்னேன். அதுவும் கனத்தைப் பற்றியே சொன்னேன். ஒரு நாள் இல்லை, இருபது நாள்.

நான் அண்ணனின் கடைசித் தங்கை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை என்று பட்டியலில் டிக் போடுவது என் பிழைப்பு. நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே கூடம், மேலே மொட்டைமாடி, நடுவில் பதினெட்டுப் படி. நாத்தனார் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குறை சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நானும் ஆரம்பத்தில் முயன்று பார்த்தேன். அண்ணி சிரித்துவிடுவதால் அது தொடரவில்லை.

அண்ணி முதலில் வேலை பார்த்தது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கோணிப்போன ஃபிரேம்களை நிமிர்த்துவது, கழன்ற திருகை மாட்டுவது, மூக்கில் வழுக்கும் கண்ணாடியைக் காதோரம் வளைத்துக் கொடுப்பது. கம்பியை உடையாமல் வளைக்கிற கை அங்கே வந்ததுதான். அந்தக் கடைக்கு யாரோ தொட்டியில் குள்ளமாக வளர்க்கிற போன்சாய் மரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆல் வகையில் ஒன்று, பெயர் ஃபைகஸ். ஒரு முழ உயரம். முதலாளி அதை ஏசிக்கு நேர் கீழே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்தார். இரண்டே மாதத்தில் எட்டு இலைதான் மிச்சம். குப்பைக்குப் போக இருந்ததை அண்ணி கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று தொடங்கியது, பதினான்கு வருஷமாக நடக்கிறது.

கடை மூடிய பிறகு மரமே தொழிலாகிவிட்டது. ஒரு வங்கியில் நாலு மரம், பல் டாக்டர் வரவேற்பறையில் இரண்டு, ஒரு ஹோட்டல் வாசலில் ஆறு. வாரத்தில் மூன்று நாள் சுற்றிப் பார்த்து வெட்டி, கிளையை வளைக்கக் கம்பி கட்டி, தண்ணீர் விட்டு வருவார். மற்றபடி, வெளியூர் போகிறவர்கள் தங்கள் மரத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தையை விட்டுப் போகிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள்.

"இதெல்லாம் கூடத்துப் பிள்ளைங்க, அதெல்லாம் மாடிப் பிள்ளைங்க" என்று அண்ணி சொல்வார். ஃபைகஸ் போன்றவை ஜன்னலோரம் வீட்டுக்குள் வாழும். ஜூனிப்பர், பைன் எல்லாம் வெயிலும் காற்றும் பனியும் வேண்டும் என்கிற வகை. வீட்டுக்குள் வைத்தால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றுதான். காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. லேசாக இருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது; மேலே ஊற்றிப் பிரயோஜனமில்லை. தொட்டியோடு தண்ணீர் டப்பில் முக்கி, குமிழி நிற்கும் வரை வைத்திருக்க வேண்டும். "கண்ணு பொய் சொல்லும், விரலும் பொய் சொல்லும். கனம் பொய் சொல்லாது" என்பார். நான் சொல்லுவேன் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போன கோடையில் ரயில் டிரைவர் ஒருவர் தன் ஜூனிப்பரைக் கொண்டுவந்து விட்டார். ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று, கண்ணாடிக் கடைக் காலத்திலிருந்து அண்ணிக்குப் பழக்கம். வருஷா வருஷம் அவர் கண்ணாடியின் தடிமன் கூடிக்கொண்டே போனதை அண்ணி பார்த்திருக்கிறார். முதல் முறையாகத் தனியாக என்ஜின் ஓட்டிய வருஷம், ஏதோ ஒரு ஸ்டேஷன் வேலியில் கிள்ளி வந்த குச்சி அந்த மரம். நாற்பது வருஷமாக வளர்த்திருந்தார். பாறை மேல் காற்றில் சாய்ந்து நிற்கிற உருவம், அடியில் பச்சைப் பாசி விரிப்பு. இப்போது அவருக்கு மரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் தடவித்தான் பார்ப்பார். கண் ஆபரேஷனுக்காக மகள் ஊருக்கு இரண்டு மாதம் போகிறார். தொட்டியை ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு கிளையாகத் தடவிக் கொடுத்துவிட்டு, "இது மட்டுந்தாம்மா எனக்கு இன்னும் நல்லாத் தெரியுது" என்றார்.

அடுத்த இரண்டாம் வாரம் அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் இழுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் மரங்கள் என் தலையில் விழுந்தன. நான் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, முப்பத்தொரு மரத்துக்கும் எண் கொடுத்து, காலை மாலை டிக் போட்டேன். அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "டிரைவர் சார் மரத்துக்கு மட்டும் தண்ணி ஜாஸ்தியாகக் கூடாது, பாத்து ஊத்து. தூக்கிப் பாரு" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன். மற்ற மரங்களைத் தூக்கினேன். டிரைவர் மரம் உயரமான ஸ்டூல் மேல் இருந்தது. கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். அதனால் காலையில் ஸ்பிரேயரால் பாசியை நனைப்பேன், படிக்கதவுப் பக்கம் நின்றபடியே ஒரு டம்ளர் ஊற்றுவேன், விரலால் பாசியைத் தொட்டுப் பார்ப்பேன். ஜில்லென்று ஈரமாக இருக்கும். டிக். பன்னிரண்டு நாளும் டிக். பாசி நனைந்திருந்தது, அதற்குக் கீழே மரத்தின் வேர் அனலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மரம் பச்சைப் பசேலென்று நின்றது.

என் கவலையெல்லாம் கூடத்து ஃபைகஸ் மேல் இருந்தது. ஜன்னல் வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று இரக்கப்பட்டு அதைப் புத்தக அலமாரி மூலைக்கு மாற்றினேன். ஆறாம் நாள் இலை மஞ்சளானது. பத்தாம் நாள் ஒரு இலை பாக்கியில்லாமல் கொட்டிவிட்டது. அண்ணி மடியில் வைத்துக் கொண்டுவந்த மரம்! நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அண்ணி வீடு வந்த காலையில் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் வாசலிலேயே கொட்டிவிட்டேன். "அண்ணி, உங்க மரத்தைக் கொன்னுட்டேன்."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்தார். கிளையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். பட்டைக்கு அடியில் பளிச்சென்று பச்சை.

"கோவிச்சுக்கிட்டு கொட்டிருக்குடி. எடம் மாத்துனா இது இப்படித்தான் பண்ணும். ஒரு மாசத்துல பாரு, துளுத்துக்கிட்டு நிக்கும்." பிறகு சிரிக்கப் போய், தையல் இழுத்து, "அய்யோ, சிரிக்க வைக்காத" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில்தான் மாட்டிக்கொண்டேன். டாக்டர் அண்ணியை இரண்டு வாரம் படியேறக் கூடாது என்றும், ஆபரேஷன் நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். எடைக்காரிக்கு எடை பார்க்கத் தடை என்று அண்ணன் ஒரு பாட்டம் கேலி செய்துவிட்டு வேலைக்குப் போனான். அண்ணி கீழிருந்தே ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்வார். நான் மாடியில் தூக்கிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

"பைன்?"

"கனமா இருக்கு!"

"பெரிய எல்ம்?"

"சுமாரா இருக்கு!"

"டிரைவர் சார் மரம்?"

இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். எதிர்பார்த்த கனத்துக்கு மூச்சுப் பிடித்திருந்ததால் தொட்டி சட்டென்று மேலே எழும்பி என் மோவாயில் இடித்தது. காலி டப்பாவைத் தூக்கியது போல் இருந்தது.

"என்ன சத்தத்தையே காணோம்? கனமா இருக்கா?"

"கனமா இருக்கு அண்ணி!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரே காலையில் இரண்டாம் தடவை மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போதே ஊற்றினால் சாயங்காலத்துக்குள் கனமாகிவிடும், பொய் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு செம்பு ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் அத்தனையும் அடி ஓட்டை வழியாக ஓடி வந்தது. தூக்கினேன். அதே லேசு. மண் இறுகிக் காய்ந்துவிட்டதால் தண்ணீர் உள்ளே போகாமல் தொட்டிச் சுவரோடு வழிந்துவிட்டது. முக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். டப் கீழே கூடத்துக் குழாயடியில், அண்ணியின் நாற்காலிக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் "எந்த மரத்துக்கு?" என்று கேட்பார். கேட்கத்தானே செய்வார்! அந்தக் கேள்விக்குப் பயந்து நான் டப்பைத் தொடவில்லை.

மறுநாள் கேட்டார். "கனமா இருக்கா?" சொன்னேன், "கனமா இருக்கு." அதற்கு மறுநாளும். முதல் நாள் திணறி வந்த சொல் ஐந்தாம் நாள் தானாகவே வந்தது. மரமும் எனக்கு ஒத்துழைத்தது. ஒரு இலை வாடவில்லை, எங்கும் பழுப்பேறவில்லை. பச்சையாக இருப்பதால் பிழைத்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "மரத்தோட சேர்ந்து நீயும் போன்சாய் ஆகுற" என்றான் அண்ணன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணி முதல் தடவையாகப் படியேறினார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று, மேலே வந்து எல்லா மரத்தையும் கண்ணாலேயே விசாரித்தார். டிரைவர் மரத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து கிளை நுனிகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நுனி நகரவே இல்லையே."

நான் கீழே உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"இந்த நேரத்துல நுனியெல்லாம் வெளிர்பச்சையா வந்திருக்கணும். மத்த ஜூனிப்பரெல்லாம் வந்திருக்கு பாரு. தினமும் கனமா இருக்குன்னுதான சொன்ன?"

"ஆமா அண்ணி."

"தினமுமா? ஒரு நாள்கூட லேசாகலையா?"

அதுதான் கதவு. திறந்தே இருந்தது. நான் நுழையவில்லை. "ஆமா அண்ணி" என்றேன்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "அப்ப இது தண்ணியே குடிக்கல. இந்த வெயில்ல தொட்டி தினமும் கனமா இருந்தா வேற என்ன அர்த்தம்? வேர் அழுகுது. இந்தப் பாழாப்போன ஜூனிப்பர் செத்தாலும் ஒரு மாசம் பச்சையாவே நிக்கும், யாருக்கும் தெரியாது." பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஜாஸ்தி ஊத்திட்டேன் போலிருக்கு." என் பக்கம் திரும்பினார். "அஞ்சு நாளைக்கு ஒரு சொட்டு ஊத்தாத."

தாகத்தில் சாகிற மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறார், என் வார்த்தையை நம்பி. நான் சொன்ன பொய்யை வைத்துத்தான் அவர் வைத்தியம் பார்க்கிறார். நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். நிறுத்தவும் செய்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது வேறு எப்போதும் இல்லை. மூன்றாம் நாள் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றேன். பொய்யிலும் படிப்படியாக இறங்குகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஐந்து நாள் முடிந்தது. நுனி நகரவில்லை. டிரைவர் வர இன்னும் இரண்டு வாரம். அண்ணி மாடிக் கொட்டகையில் மேஜையைப் போடச் சொன்னார். கத்தரிக்கோல், கொக்கி, சிறு ரம்பம், ஒரு துணி. தொட்டியைக் கவிழ்த்து, அழுகிய வேரை வெட்டி எறிந்து, புது மண்ணில் வைக்கப் போகிறார்.

"கோடையில வேரைத் தொடக் கூடாதுன்னு நீங்கதான அண்ணி சொல்வீங்க?"

"உயிர் போற நேரத்துல சீசன் பாக்க முடியுமா? தூக்கிட்டு வா. பாத்து, கனமா இருக்கும். முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகு புடிச்சுக்கும்."

ஸ்டூலிலிருந்து மேஜைக்கு ஆறடி தூரம். நான் முழங்காலை மடக்கினேன். பத்துக் கிலோ இருக்க வேண்டிய தொட்டி ஐந்து கிலோ போல வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் முக்கினேன். ஆமாம், வாயால் சத்தம் போட்டு முக்கினேன். பல்லைக் கடித்து, கழுத்தைச் சாய்த்து, அடிமேல் அடி வைத்து நடந்தேன். நாடகக்காரி தோற்றாள்.

நடிப்பு கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. அண்ணி பதறிவிட்டார். "அய்யோ, விழுந்துடப் போற, இரு இரு" என்று டாக்டர் சொன்னதை எல்லாம் மறந்து ஓடி வந்து, தொட்டியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஏந்தினார்.

தொட்டி எங்கள் இருவர் கையிலும் துள்ளியது.

அண்ணி அப்படியே நின்றார். கண் பாதி மூடியது. அவர் எடை பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மரத்தையா, என்னையா என்பதுதான் தெரியவில்லை. கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

"எத்தன நாளா?" என்றார்.

"நீங்க வந்த அன்னையிலேருந்து. அதுக்கு முன்னாடியிலேருந்தே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டப்பக் கொண்டா" என்றார்.

கீழே ஓடி, டப்பைத் தூக்கிவந்து, வாளி வாளியாக நிரப்பினேன். தொட்டியை முக்கினோம். குமிழி கிளம்பியது. குபுகுபுவென்று, பிறகு சரம் சரமாக, பிறகு ஒற்றை ஒற்றையாக. சாதாரணமாக ஐந்து நிமிஷத்தில் நிற்கும். அன்று அரைமணி நேரம் நிற்கவில்லை. இருவரும் டப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி மேல் கிளையை நகத்தால் சுரண்டினார். பழுப்பு. நடுக் கிளை. பழுப்பு. மூன்றாவதைச் சுரண்டக் கையைக் கொண்டுபோய், எடுத்துக்கொண்டார்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அண்ணி, முதல் நாளே சொல்லியிருந்தா?"

"பொழச்சிருக்கும்" என்றார். "தண்ணி ஊத்தாம விட்டது தப்பில்ல. யாருக்கும் வரும், எனக்கே வந்திருக்கு. அன்னைக்கே முக்கியிருந்தா பாதிக்கு மேல பொழச்சிருக்கும்." டப்பில் மிதந்த பாசியை ஒதுக்கிவிட்டு, "டிரைவர் சார்கிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன். எல்லாத் தொட்டியையும் தூக்கிப் பார்த்தேன். கீழிருந்து கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கேள்வி வரவில்லை; காலடி வந்தது. அண்ணி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி பதினெட்டுப் படியும் ஏறி வந்து, என்னைப் பார்க்காமல், ஒவ்வொரு தொட்டியாகத் தானே தூக்கிப் பார்த்தார். ஆறு வாரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணி, வேணாம். தையல் பிரிஞ்சிடும். நான் இப்ப சரியாத்தான் பாத்தேன், சத்தியமா."

அவர் அடுத்த தொட்டிக்குப் போனார்.

தினமும் இதே கதை. அண்ணன் எங்கள் இருவரையும் சத்தம் போட்டான். "உனக்கு அறிவிருக்கா? வயித்தைக் கிழிச்சு முழுசா ஆறு வாரம் ஆகல." பிறகு என் பக்கம் திரும்பினான். " நீ என்ன பண்ற, அவ தூக்கறத வேடிக்கை பாக்குறியா?" அண்ணி தன் வயிற்றைப் பணயம் வைத்துப் பார்ப்பது மரத்தை இல்லை, என் வார்த்தையை. அது உள்ளே காய்ந்துபோயிருந்தது. எந்த டப்பில் முக்குவது?

டிரைவர் சொன்ன தேதியில் வந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் பலிக்கவில்லை. மற்றதில் நிழல் மாதிரி தெரிகிறதாம். அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, மரத்தை மேஜை மேல் வைத்தேன். இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் பளபளப்பு போய்விட்டிருந்தது. அவர் கையை நீட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். பாசியைத் தொட்டது, தூக்காமல் விட்டது, தூக்கியும் பொய் சொன்னது, தண்ணீரை நிறுத்தியது, எல்லாம். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அண்ணி சுவரோரமாக நின்றிருந்தார்.

"செத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டார் டிரைவர்.

"தெரியல சார். ரெண்டு கிளை போயிடுச்சு. மீதிய நாங்க தொடல" என்றார் அண்ணி.

டிரைவரின் விரல்கள் உச்சியிலிருந்து தொடங்கின. உயிருள்ள ஜூனிப்பர் இலை விரலுக்கு வளைந்து கொடுக்கும். செத்தது முறுமுறுக்கும். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. உச்சி, முறுமுறு. இடது கிளை, முறுமுறு. பின்கிளை. ஒவ்வொரு கிளையையும் விடும்போது அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. எண்ணுகிறாரோ, கிளைகளுக்கு வைத்த பெயர்களைச் சொல்கிறாரோ. அவர் விரல்கள் கீழே வந்து, அடியில் படிக்கதவுப் பக்கம் பார்த்து வளர்ந்திருந்த சிறு கிளையைத் தொட்டன. சத்தமில்லை. மறுபடி தொட்டார். மடக்கிப் பார்த்தார். வளைந்தது.

"இங்க வாம்மா" என்றார். நான் போனதும் என் கையைப் பிடித்து அந்தக் கிளை மேல் வைத்தார். ஈரமான பட்டுநூல் போல இருந்தது.

"எந்தப் பக்கம் நின்னு ஊத்துவ?"

"கதவுப் பக்கம். ஒரு டம்ளர்தான் ஊத்துவேன்."

"இதுக்கு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வேர்" என்றார் அண்ணி, சுவரை விட்டு வந்து. "அந்தப் பக்கத்து வேர் மட்டும் நனைஞ்சிருக்கு."

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "நாப்பது வருஷம்மா" என்றார் என்னிடம். "என்ஜின்ல, சிக்னல் பச்சைன்னு கூட இருக்கறவன் சத்தமாச் சொல்லணும், நான் திருப்பிச் சொல்லணும். பாக்காமச் சொன்னவன் ஒருத்தன் எனக்கும் வாச்சான்."

"அவரோட அப்புறம் வண்டி ஓட்டலையா?" என்று கேட்டது அண்ணிதான்.

"ஓட்டாம? கொஞ்ச நாள் அவன் சொன்னதுக்கப்புறம் நானும் எட்டிப் பாத்தேன். அப்புறம் எட்டிப் பாக்கறத விட்டுட்டேன்." மறுபடி கையை நீட்டி அந்தக் கிளையைத் தொட்டார். "இந்த ஒத்தக் கிளைய வச்சு மரமாக்க எத்தன வருஷம் ஆகும்?"

"பத்து வருஷமாவது ஆகும் சார்" என்றார் அண்ணி.

"எனக்கு எழுபத்தொண்ணு." எழுந்தார். "சரி, வளத்துக் குடுங்க. மாசம் ஒரு தடவ வந்து தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."

செத்த கிளைகளை அண்ணி வெட்டி எறியவில்லை. பட்டையை உரித்து, கட்டையை வெள்ளையாக அப்படியே நிற்க விட்டார். ஜூனிப்பருக்கு அது அழகுதானாம். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "எப்படி இவ்ளோ இயற்கையா வந்துச்சு?" என்று கேட்பார்கள். அண்ணி என்னைக் கை காட்டுவார். நான் அசடு வழிவேன்.

ஆனால் ஏழு மாதம் வரை அண்ணி காலையில் படியேறுவதை விடவில்லை. வயிறு ஆறி, ஹோட்டல் மரங்களைப் பார்க்க மறுபடியும் போகத் தொடங்கிய பிறகும், நான் தூக்கிய தொட்டிகளைத் தானும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

போன செவ்வாய்க்கிழமை நான் மேலே இருந்தேன். கீழே செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. வங்கி மரங்களுக்குப் போகிற நாள்.

"சின்னவளே!" அண்ணி கூப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு கீழிருந்து குரல். "டிரைவர் சார் மரம் கனமா இருக்கா?"

தூக்கினேன். முந்தின நாள் காற்று பலமாக அடித்திருந்தது. கொஞ்சம்தான் குறைவு, ஆனால் குறைவுதான்.

"இல்ல அண்ணி. லேசா இருக்கு."

படியில் காலடிக்காகக் காது கொடுத்து நின்றேன். தொட்டி கையில் இருந்தது.

"அப்ப டப்புல வை. குமிழி நிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடாத" என்றார். வாசல் கதவு திறந்து சாத்திய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.